டபுள் ஸ்பேஸ்

ஸாரோ என்று அடித்திருந்தேன்.
வெள்ளைச்சாமி வக்கீல் பச்சை மையில் கோடு இழுத்து
மேலே எழுதினார்: அகோனி.
"ஸாரோ சர்ச்சுல வாசிக்கிறது, தில்ஷாத்.
ட்ரிப்யூனலுக்கு அகோனிதான்.
முன்னாடி மென்டல் சேர்த்துக்க."

சேர்த்தேன்.
மேலூர் ரோட்டில் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் மிஷின் சூட்டுக்கும் டீக்கடை ஆவிக்கும் நடுவில்
ஒன்பது வருஷமாய் அடிக்கிறேன்
ஊரார் வருத்தத்தை இங்கிலீஷில்,
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
எது எதோடு ஒட்டும் என்று விரலுக்கே தெரியும்.
ஹார்ட்ஷிப் என்றால் முன்னால் கிரேட்.
லாஸ் என்றால் இர்ரிப்பேரபிள்.
டிஸ்ட்ரெஸ் வாடகைக் கேஸுக்கும் வரும்
வரதட்சணைக் கேஸுக்கும் வரும்,
வெள்ளை நூல் மாதிரி, எந்தத் துணிக்கும்.
சேட் மட்டும் எதற்கும் ஆகாது.
பள்ளிக்கூடத்தில் முதலில் படித்தது அதைத்தான்,
வாய் கீழே வளைந்த பொம்மையோடு.
ஒரு மனுவிலும் அடித்ததில்லை.

பெஞ்சின் ஓரத்தில் சீனியம்மாள்.
முள்ளிப்பள்ளத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவள்.
வீட்டுக்காரர் அழகுமலை வாழைத்தார் ஏற்றிப்போன வேன்
வாடிப்பட்டி விலக்கில்
நின்றிருந்த லாரியின் முதுகில் போய்...

"உடனே போயிட்டாராம்மா,
இல்ல கொஞ்ச நேரம் இருந்தாரா?"
"பெரியாஸ்பத்திரியில மூணு மணி நேரம் இருந்தாரு சார்."
"நல்லது" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.
"கேஸுக்குச் சொன்னேம்மா."
பெயின் அண்ட் சஃபரிங், அடித்தேன்.
"லவ் அண்ட் அஃபெக்ஷன் போடவா சார்?"
"அதுக்கெல்லாம் இப்பத் தனியாத் தர்றதில்ல."
எடுத்தேன்.

கையெழுத்துக்கு முன் தமிழில் சொல்ல வேண்டும்.
வக்கீல் வாய்தாவுக்கு ஓடிவிட, நான் சொன்னேன்:
'மனுதாரர் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகி...'
நிறுத்தினாள்.
"உளைச்சலு காலுக்கு வரும் தாயி.
நாத்து நட்டுட்டு வந்தா வரும்,
தைலம் தேச்சாப் போயிரும்.
இது அது இல்ல."
"பின்னே எப்படிப் போட, சொல்லுங்க."
ஃபேன் காற்றில் மனு படபடத்தது.
ஸ்டேப்ளரை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி வரும்.
ஆரன் அடிக்க மாட்டாரு, பிள்ளைக முழிச்சிரும்னு.
லைட்ட ஒருவாட்டி அணைச்சுப் போடுவாரு.
செவத்துல விழும். எந்திரிச்சுப் போயிக் கதவத் தொறப்பேன்.
இப்ப லைட்டு இல்ல.
ஆனா ரெண்டு மணிக்குத் தொறந்துட்டுத்தான் நிக்கிறேன்.
நாய் ஒண்ணு உள்ள வந்து படுத்துக்கிருது.
வெரட்டவும் மனசு வரல.
இதுக்கு என்னமோ, அதப் போடுங்க."

கர்ஸர் துடித்துக்கொண்டிருந்தது.
க்ரீஃப் அடித்தேன். அது இஸ்திரி போட்ட சட்டையோடு
நாற்காலி கேட்டது. அழித்தேன்.
மிஸரியில் கந்துவட்டி வாடை.
லோன்லினெஸ்?
நாய் இருக்கிறதே என்பார் எதிர்க்கட்சி வக்கீல்.

அந்நேரம் பார்த்து சிங்கப்பூரிலிருந்து தங்கச்சி:
ஸ்டில் அப்செட்?
நிச்சயம் முறிந்து பதினோரு நாள்.
அப்செட் வயிறுகூடத்தான் ஆகும்.
டயர்ட் என்று அனுப்பினேன்.
ஒரு மஞ்சள் கட்டைவிரல் வந்தது.

"அகோனியே இருக்கட்டும்மா" என்றேன்.
"நல்ல வார்த்தையா?"
"இருக்கிறதுலயே துட்டு வாங்கித் தர்ற வார்த்தை."
மூக்கால் சிரித்தாள்.
"அவரு மாதிரியா? அப்ப இருக்கட்டும்."
ஒவ்வொரு எழுத்தாய் நிறுத்தி நிறுத்திப் போட்டாள் கையெழுத்தை.
கடைசி ம்மன்னாவில் மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது.
மடியிலிருந்து எடுத்த நோட்டில் நாலு மடிப்பு.

சாயங்காலம் வக்கீல் தாளைத் தூக்கிப் பிடித்தார்.
"எட்டாவது பாராவுக்குக் கீழ என்ன இவ்வளவு எடம்?"
"டபுள் ஸ்பேஸ் சார்."
"இதுல ஒரு லாரியே நிறுத்தலாம்."
சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது.
"அடுத்த காப்பியில சரி பண்ணிரு" என்றார்
என்னைப் பார்க்காமல்.

பண்ணவில்லை.
நாலு காப்பியிலும் அந்த இடம் அப்படியே இருக்கிறது,
சீல் விழாமல்.